குண்டு விழும் தூரம்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவி தன் அப்பாவோடு வந்து வணக்கம் சொன்னார். நம் இதழின் அறிவியல் பக்கங்களைப் பள்ளி நாளிலிருந்து படிக்கிறாராம். பெரியார் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இப்போது சிதம்பரத்தில் எம்.எஸ்சி. இறுதியாண்டு. தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். பேச்சை ஆரம்பித்தது அப்பாதான். "ஃபாரின்ல போய் பி.எச்டி. பண்ணணும்னு நிக்குது சார். எங்க வீட்டுல யாருக்கும் இதுல தலையும் தெரியாது, வாலும் தெரியாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாணவி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். வரிசை எண் போட்டுப் பதினான்கு பெயர்கள். எம்.ஐ.டி., ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, கால்டெக், பிரின்ஸ்டன், பெர்க்லி என்று தர வரிசைப் பட்டியலிலிருந்து அப்படியே இறக்கியது. பதினான்காவது பெயருக்குப் பக்கத்தில் மட்டும் 'சேஃப்டி', அதாவது எப்படியும் கிடைத்துவிடும் இடம், என்று சின்னதாக எழுதியிருந்தார். அதுவும் உலகமே மொய்க்கிற ஒரு பல்கலைக்கழகம்தான்.

"எம்.எஸ்சி.யில ப்ராஜெக்ட் என்னம்மா?"

"கே.டி.பி. கிரிஸ்டல் சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு முகம் வாடிப்போனது. கேலி இல்லை அம்மா, காரணம் இருக்கிறது என்று சொல்லி, அன்றைக்கு இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சைத்தான் இந்த மாதம் உங்களிடமும் பகிர்ந்துகொள்கிறேன். இந்த வீட்டின் குழப்பம் நம் வாசகர்கள் பலர் வீட்டிலும் இருக்கும். டிசம்பர் வந்துவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கடைசித் தேதியும் வந்துவிடும்.

முதலில் அந்த இடத்தின் கதை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி அதை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியபோது எல்லை அளந்த முறை விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டும், குண்டு போய் விழுகிற இடம் வரை கம்பெனிக்குச் சொந்தம். அப்படி எல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரும் கடலூரின் குண்டு சாலையும் இன்றைக்கும் அதற்குச் சாட்சி. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது பீரங்கியையும் மருந்தையும் பீரங்கிக்காரனின் கைத்திறனையும் பொறுத்தது என்று கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இருப்பதில் நல்ல பீரங்கியாகப் பார்த்து வைத்தார்கள். ஊரின் பெயர் அழகாக இருக்கிறதா என்று பார்த்து யாரும் சுடவில்லை.

விண்ணப்பம் போடுவதும் ஏறக்குறைய அப்படித்தான். நம்மிடம் இருக்கும் பீரங்கி என்ன, மருந்து எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சுட வேண்டும். அந்தப் பெண்ணின் நோட்டில் ஊர்ப் பெயர்கள் பதினான்கு இருந்தன. பீரங்கியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். இணையம் வராத காலம். சென்னை அண்ணா சாலையில் அமெரிக்க நூலகத்துக்குப் போய், தலையணை கனத்தில் இருக்கும் வழிகாட்டிப் புத்தகங்களைப் புரட்டி, கேள்விப்பட்ட பெயர்களாகப் பார்த்து ஏழு இடங்களுக்கு ஏரோகிராம் எழுதிப் போட்டேன். ஏழிலிருந்தும் மரியாதையான மறுப்பு வந்தது. அந்தத் துறைகளில் யார் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று ஒன்றிலாவது பார்த்தேனா என்றால், இல்லை. அதற்கப்புறம்தான் பத்திரிகைப் பக்கம் ஒதுங்கினேன். உங்களுக்கு லாபமா நஷ்டமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, சிரித்த காரணத்துக்கு வருகிறேன்.

1952-இல் சிதம்பரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அம்மா ராஜலக்ஷ்மி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். அப்பா அப்போது அமெரிக்காவில் ஆராய்ச்சியில் இருந்தார். குழந்தைக்கு மூன்று வயதானபோது குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. பையன் வளர்ந்து ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு எழுதினான், கிடைக்கவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு எழுதினான், அதுவும் கிடைக்கவில்லை. பரோடாவிலேயே பி.எஸ்சி. இயற்பியல் படித்து 1971-இல் முடித்தான். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தபோது ஜி.ஆர்.இ. தேர்வை எழுதியிருக்கவில்லை. அதனாலேயே பல பல்கலைக்கழகங்களின் கதவு சாத்திக்கொண்டது. வயது பத்தொன்பது, பள்ளியும் கல்லூரியும் சேர்த்து மொத்தம் 15 ஆண்டுப் படிப்பு, இது போதாது என்ற சிக்கல் வேறு. கடைசியில் கைகொடுத்தது ஓஹாயோ பல்கலைக்கழகம். பலரும் நினைப்பதுபோல் கொலம்பஸ் நகரில் இருக்கும் பிரம்மாண்டமான ஓஹாயோ ஸ்டேட் இல்லை. ஆதென்ஸ் என்ற சின்ன ஊரில், 1804-இல் தொடங்கிய ஓஹாயோ பல்கலைக்கழகம். உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. அங்கே தோமோயாசு தனாகா என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 1976-இல் முனைவர் பட்டம் வாங்கினார்.

அவர்தான் வெங்கி ராமகிருஷ்ணன். 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் பகிர்ந்துகொண்டவர். பிறகு லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக ஐந்து ஆண்டுகள் இருந்தார்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். சுருக்கமாகச் சொன்னால் கே.டி.பி. குளிர வைத்தால், சுமார் மைனஸ் 150 டிகிரி செல்சியஸில், அந்தப் படிகத்துக்குள் மின்முனைகள் தாமாக ஒழுங்குபட்டு நிற்கும். ஃபெர்ரோஎலெக்ட்ரிக் மாற்றம் என்பார்கள். அதன் கோட்பாட்டைக் கணக்குப் போட்டதுதான் வெங்கியின் ஆய்வேடு. சிதம்பரத்தில் பிறந்த ஒருவர் காகிதத்தில் கணக்குப் போட்ட அதே பொருளை, அதே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போகும் ஒரு பெண் பீக்கரில் வளர்க்கிறார். சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

நம் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் படித்தவர்களுக்குக் கே.டி.பி. நன்றாகத் தெரியும். உப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, வடிகட்டி, பீக்கரின் வாயைப் பாலித்தீன் தாளால் கட்டி, ஊசியால் நாலைந்து ஓட்டை போட்டு ஒரு மூலையில் வைத்துவிட வேண்டும். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகும். சில நாளில் அடியில் கண்ணாடித் துகள் மாதிரி விதைப் படிகங்கள் தென்படும். அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி நூலில் கட்டி மறுபடியும் கரைசலில் தொங்கவிட்டு, மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். "கரண்ட் போயி பாத் டெம்பரேச்சர் ஏறி இறங்கிச்சுன்னா, ஒண்ணு வளர வேண்டிய இடத்துல ஒம்பது முளைச்சிடும் சார்" என்றார் மாணவி. அதைத் தடுக்க என்ன செய்தாய் என்று கேட்டேன். பீக்கரைச் சுற்றித் தெர்மோகோல் பெட்டி செய்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைத் தானாகக் குறித்துக்கொள்ளும் சின்ன எலெக்ட்ரானிக் பலகை ஒன்றைத் தானே நிரல் எழுதி ஓட்டியிருக்கிறார். நானூறு ரூபாய்ச் செலவு.

"இதை விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாயா?"

"இல்ல சார், இதெல்லாம் எதுக்கு? 'சின்ன வயசுலேர்ந்தே பிரபஞ்சத்தின் ரகசியங்கள் மேல ஆர்வம்'னு ஆரம்பிச்சிருக்கேன்."

வாசகர்களே, இங்கேதான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். பிரபஞ்ச ரகசியத்தின் மேல் ஆர்வம் இல்லாதவர் யாரும் இயற்பியல் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிப்பதில்லை. தேர்வுக் குழுவில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் புரட்டும் பேராசிரியரின் கண்ணில் அந்த வரி படவே படாது. மின்வெட்டோடு மல்லுக்கட்டி நானூறு ரூபாயில் வெப்பநிலையைப் பதிவு செய்த தெர்மோகோல் பெட்டி படும். அவருடைய ஆய்வகத்திலும் ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டேதான் இருக்கும். அதைச் சரி செய்யும் கை அவருக்கு வேண்டும்.

அதே கே.டி.பி.தான் லேசர் ஒளியின் நிறத்தை மாற்றவும் பயன்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை உள்ளே விட்டால் 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே வரும். கலிஃபோர்னியாவில் லிவர்மோரில் இருக்கும் மாபெரும் லேசர் நிலையத்துக்காக 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒற்றைப் படிகங்களை வளர்த்திருக்கிறார்கள். பழைய முறையில் இரண்டு ஆண்டு பிடித்த வேலையை இரண்டு மாதத்தில் முடிக்கும் வழியையும் கண்டுபிடித்தார்கள். ஆகவே நம் பெண்ணின் பீக்கர் எங்கேயோ ஒதுங்கிக் கிடக்கும் விஷயம் இல்லை. ஒளியியல் பொருள்கள், லேசர் இயற்பியல், திண்மப் பொருள் ஆய்வு என்று உலகெங்கும் அதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த உறவுக்காரர்கள் எந்தத் துறையில், யாருடைய ஆய்வகத்தில் இருக்கிறார்கள் என்று தேடுவதுதான் பல்கலைக்கழகம் தேடும் வேலை. நோட்டில் முதலில் வர வேண்டியது ஆளின் பெயர், அப்புறம் துறையின் பெயர். பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்றாவது.

இதில் ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். படிக வளர்ப்பில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வருகிற கட்டுரைகள் ஏராளம். ஒரு படிகம், அதில் ஒரு புதுக் கலப்புப் பொருள், பிறகு வழக்கமான எக்ஸ்.ஆர்.டி., எஃப்.டி.ஐ.ஆர்., யு.வி. படங்கள், ஆயிற்று கட்டுரை. காசு கொடுத்தால் போடுகிற இதழ்களும் இருக்கின்றன. அப்படி மூன்று கட்டுரை வைத்திருப்பதைவிட, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போன ஒரு ப்ராஜெக்ட் அறிக்கை மேல். என்ன செய்தாய் என்பதோடு ஏன் செய்தாய் என்றும் கேட்பார்கள்.

ஆளைத் தேடிப் போவது புதுப் பழக்கமும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த எஸ். சந்திரசேகர், 1928-இல் சென்னைக்கு வந்த ஜெர்மன் அறிஞர் சாமர்ஃபெல்டைப் போய்ப் பார்த்தார். தான் படித்து வைத்திருந்த குவாண்டம் பாடம் அதற்குள் பழையதாகிவிட்டது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. சோர்ந்து உட்காராமல் புதிய புள்ளியியலைக் கற்றுக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதைக் கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். ஏன் ஃபௌலர்? வெள்ளைக் குள்ள விண்மீன்களைப் பற்றி 1926-இல் ஃபௌலர் எழுதிய கட்டுரையைச் சந்திரசேகர் படித்திருந்தார். தன் கணக்கைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் அவர்தான் என்று தெரிந்து அனுப்பினார். கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறி, போகிற வழியிலேயே வெள்ளைக் குள்ள விண்மீன்களைப் பற்றிப் போட்ட கணக்கு எல்லோருக்கும் தெரிந்த கதை. ஃபௌலரிடமே ஆராய்ச்சி செய்து 1933-இல் முனைவர் பட்டம். 1983-இல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் ஒரு ஃபௌலர்தான். அவர் அமெரிக்கர், வில்லியம் ஃபௌலர்.

இன்றைக்குக் கப்பலும் வேண்டாம், ஏரோகிராமும் வேண்டாம். ஆனால் "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட்" என்று ஒரே மின்னஞ்சலை இருநூறு பேருக்கு அனுப்புகிறார்கள். வாங்குகிறவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, நான் இன்ன வேலை செய்திருக்கிறேன், அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா என்று ஆறு வரி எழுதினால் போதும். பதில் வராமல் போவதும் சகஜம், மனம் தளர வேண்டாம்.

இனி பணக் கணக்கு. அப்பாவின் கவலை அதில்தான் இருந்தது. அமெரிக்காவில் ஓர் இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் ஏறக்குறைய 75 முதல் 125 டாலர். பதினான்கு இடம் என்றால் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் தனி. கேட்டுக் கடிதம் எழுதினால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் துறைகளும் உண்டு, கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. இயற்பியல் ஜி.ஆர்.இ.யை இப்போது பல துறைகள் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனால் 'விரும்பினால் தரலாம்' என்று ஒரு துறை சொல்லியிருந்தால், அதிகம் அறியப்படாத கல்லூரியிலிருந்து விண்ணப்பிக்கும் நம் மாணவருக்கு நல்ல மதிப்பெண் ஒரு துணை. சுமாரான மதிப்பெண் வந்தால் அதை அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

சேர்ந்த பிறகு? அமெரிக்காவில் இயற்பியல் பி.எச்டி.க்கு, வகுப்பெடுக்கும் உதவியாளர் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் வேலை கொடுத்து, கல்விக் கட்டணத்தையும் தள்ளிவிட்டு, மாதச் சம்பளமும் தருவதுதான் நடைமுறை. உங்களிடமே கட்டணம் கேட்டால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 'பி.எச்டி. கிடைக்கிறது கஷ்டம், முதல்ல எம்.எஸ். சேருங்க, நாற்பது லட்சம் லோன் நாங்களே ஏற்பாடு பண்றோம்' என்று பேசும் கன்சல்டன்சிகள் கடலூரிலும் முளைத்துவிட்டன. கையில் எம்.எஸ்சி. இருக்கிற இயற்பியல் மாணவருக்கு இன்னொரு எம்.எஸ். எதற்கு என்று நீங்கள் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. மாணவரைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. சம்பளத்தோடு கிடைக்கும் பி.எச்டி.யில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

வெளிநாட்டு மாணவர் என்பதால் மட்டும் சில கதவுகள் குறுகலாக இருக்கும். அது நம் தரத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை, கணக்கு வழக்கு. அமெரிக்க தேசிய அறிவியல் அமைப்பின் புகழ்பெற்ற மாணவர் உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான். பெர்க்லி போன்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களில் வெளி மாநிலத்தாருக்கு ஆண்டுக்கு 15,102 டாலர் கூடுதல் கட்டணம். வேறு மாநிலத்து அமெரிக்கர் ஓர் ஆண்டு தங்கினால் அந்த மாநிலத்துக்காரர் ஆகிவிடலாம். நாம் ஆக முடியாது. அந்தச் சுமையைத் துறையோ கைடோ சுமக்க வேண்டும் என்பதால் வெளிநாட்டு மாணவரை எண்ணி எண்ணித்தான் எடுப்பார்கள். பட்டியலில் அரசுப் பல்கலைக்கழகம் எது, தனியார் எது என்று பார்ப்பது இதற்காகத்தான். 2025-இல் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டபோது பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையையே சுருக்கிக்கொண்டன. எல்லா முட்டையையும் அந்த ஒரே கூடையில் வைக்கிற காலம் இது இல்லை.

எங்கள் பேச்சில் பாதி நேரம் ஐரோப்பாவைப் பற்றித்தான் போனது. நம் எம்.எஸ்சி.க்கு இயல்பாகப் பொருந்துகிற இடம் அதுதான் என்பது என் கருத்து. அமெரிக்காவில் பி.எச்டி. என்றால் நாலு வருட இளங்கலை முடித்தவரோடு சேர்ந்து உட்கார்ந்து முதல் இரண்டு ஆண்டு பாடம் படிக்க வேண்டும். முடிக்க ஐந்தாறு ஆண்டு ஆகும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் முதுகலை முடித்தவரைத்தான் எடுக்கிறார்கள், நேராக ஆராய்ச்சி, மூன்று நான்கு ஆண்டு. அங்கே பி.எச்டி. என்பது பெரும்பாலும் ஒரு வேலை. ஒப்பந்தம் போட்டு, அரசுச் சம்பள விகிதத்தில், முழுதாகவோ பாதி முக்கால் பங்காகவோ சம்பளம் தருவார்கள். வேலை விளம்பரம் மாதிரி 'இன்ன ஆய்வகத்துக்கு இன்ன திறமை உள்ளவர் தேவை' என்று ஆண்டு முழுக்க அறிவிப்பு வரும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் நடத்தும் பன்னாட்டு ஆராய்ச்சிப் பள்ளிகளைத் தேடிப் பாருங்கள். படிகம் வளர்க்கத் தெரிந்த கைக்கு வேலை இருக்கிற ஆய்வகங்கள் அங்கே பல.

கணக்கில் புலியாக இருந்தும், சின்னக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போன பிள்ளைகளுக்கு இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஒரு வாசல் இருக்கிறது. அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கிய பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம். வளரும் நாட்டு மாணவருக்கு ஓர் ஆண்டு பட்டயப் படிப்பை உதவித்தொகையோடு தருகிறது. அதை முடித்துவிட்டு நல்ல இடங்களில் பி.எச்டி.க்குப் போகிறவர்கள் நிறைய. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் அப்படி ஒன்று. சேரும் எல்லா பி.எச்டி. மாணவருக்கும் உதவித்தொகை உண்டு, பாடமொழி ஆங்கிலம்.

"இங்கயே இருந்தா சார்?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். நல்ல கேள்வி. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இவற்றில் இடம் கிடைப்பது வெளிநாட்டின் பல இடங்களைவிடக் கடினம். ஜெஸ்ட், நெட், கேட் என்று தேர்வுகள் இருக்கின்றன. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. வெளிநாட்டு விண்ணப்பத்தோடு இந்தத் தேர்வுகளையும் எழுதி வைக்கச் சொன்னேன். விசா வராவிட்டால் போக்கிடம் வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஜெஸ்டுக்குப் படிக்கிற குவாண்டம் மெக்கானிக்ஸ்தான் ஹாலந்துக்காரர் நேர்காணலில் கேட்கப்போவதும்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். 'இவர் ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர், எல்லோரிடமும் மரியாதையாகப் பழகுபவர், இவர் வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவர்களுக்கு அது உதவும். 'நீயே எழுதிக்கொண்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடுகிறேன்' என்பதும் நடக்கிறது. மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவருக்குத் தெரியாதா? அந்தத் தெர்மோகோல் பெட்டியைப் பற்றி அவருடைய கைடு நான்கு வரி எழுதினால், அது தங்கப் பதக்கத்தைவிட மேல். மாணவர்களே, உங்கள் பேராசிரியர் உங்களை மறந்திருப்பார். நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

சின்ன இடத்தில் சேர்ந்துவிட்டால் வாழ்க்கையே சின்னதாகிவிடும் என்ற பயம் அந்தப் பெண்ணுக்கு இருந்தது. மறுபடியும் வெங்கியிடம் போனேன். ஓஹாயோவில் பட்டம் வாங்கும் நேரத்திலேயே இயற்பியலில் தனக்குப் பிடிப்பில்லை என்று அவருக்குத் தோன்றியது. கையில் முனைவர் பட்டத்தோடு சான் டியகோ போய் உயிரியலில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். பிறகு யேல். அதன் பிறகு ஆசிரியர் வேலைக்கு ஏறக்குறைய ஐம்பது கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றிலும் கிடைக்கவில்லை. நோபல் பரிசு தந்த ரைபோசோம் வேலை இதற்கெல்லாம் பிறகு வந்தது. ஓஹாயோ அவருக்குத் தந்தது உதவித்தொகையோடு ஓர் இடம், நல்ல கைடு, வேலை கற்றுக்கொள்ள ஐந்து ஆண்டு. பத்தொன்பது வயதில் அது போதுமாக இருந்தது.

போன வாரம் மாணவி நோட்டின் புதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். இப்போது எட்டுப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆய்வகத்தின் பெயர், அங்கிருந்து வந்த ஒரு கட்டுரையின் தலைப்பு, சம்பளமா உதவித்தொகையா என்ற குறிப்பு, கடைசித் தேதி. மூன்று ஜெர்மனி, ஒரு நெதர்லாந்து, ஒரு ஒகினாவா, மூன்று அமெரிக்கா. அமெரிக்க மூன்றில் ஒன்று பழைய பட்டியலிலிருந்து தப்பிப் பிழைத்த பெரிய பெயர். "அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும் சார்" என்று எழுதியிருந்தார். அங்கே ஒளியியல் படிகங்களில் வேலை செய்கிற ஓர் ஆய்வகம் இருக்கிறது, எதிரே அதன் பெயரையும் எழுதியிருந்தார். தாராளமாக இருக்கட்டும் என்றேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளில் படித்துவிட்டு இன்று வெளிநாட்டிலோ இங்கேயோ இயற்பியல் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நீங்கள் எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள், எத்தனை மறுப்பு வந்தது, கடைசியில் எந்தக் காரணத்தால் எடுத்தார்கள் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். மறுப்புகளை மறைக்க வேண்டாம். நவம்பர் 10-க்குள் வந்து சேர்ந்தால் டிசம்பர் இதழின் முன்பக்கங்களிலேயே போட்டுவிடுகிறேன். கடைசித் தேதிகள் பல டிசம்பர் 15-ஐ ஒட்டி வருகின்றன.

அன்புடன்,
ஆசிரியர்